பன்னிரண்டாம் தேதிக் கணக்கு

பெரிய வக்கீல் ஒருவரும், அவருடைய ஆபீஸ் வாசலில் இரவு முழுவதும் கண் விழித்திருக்கும் காவற்காரரும் ஒரே பந்தியில் உட்காருவார்களா? அமெரிக்காவில் உட்காருகிறார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அல்ல, நேயர்களே, சர்க்காரின் கணக்குப் பந்தியில்!

அந்த நாட்டில் தொழிலாளர் புள்ளிவிவர இலாகா என்று ஒன்று இருக்கிறது. ஏற்பட்டது 1884-ல். எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று மாதந்தோறும் எண்ணத் தொடங்கியது 1915-ல். அப்போது நாலே நாலு உற்பத்தித் தொழில்கள்தான். இன்றோ விவசாயம் போன்ற சிலவற்றைத் தவிர, ஏறக்குறைய எல்லாத் தொழில்களும் உண்டு. தேசம் முழுவதற்கும் ஒரு கணக்கு. ஐம்பது மாகாணங்களுக்கும் தனித்தனிக் கணக்கு.

அதில் ஒரு தலைப்பு, 'தொழில்முறை மற்றும் வணிகச் சேவைகள்.' வக்கீல், ஆடிட்டர், இன்ஜினீயர், கம்ப்யூட்டர் நிபுணர் எல்லாரும் இதில் அடக்கம். கட்டிடம் பெருக்குகிறவர், புல் வெட்டுகிறவர், குப்பை அள்ளுகிறவர் ஆகியோரும் இதிலேயே அடக்கம்! மொத்தம் இரண்டு கோடிப் பேருக்கு மேல்.

எப்படி எண்ணுகிறார்கள்? லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகளையும் அரசாங்க அலுவலகங்களையும் பொறுக்கி எடுத்து, "இந்த மாதம் 12-ந் தேதி அடங்கிய சம்பளக் காலத்தில் உங்கள் பட்டியலில் எத்தனை பேர்?" என்று கேட்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கினால் இரண்டு தலை. சொந்தத்தில் தொழில் நடத்துகிறவர் யார் பட்டியலிலும் இல்லை. ஆகவே அவர் தலை கணக்கில் ஏறாது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒரு மோட்டார்த் தொழிற்சாலை, தரை பெருக்கத் தானே ஆள் வைத்திருந்தால் அந்த ஆள் 'உற்பத்தி'த் தலைப்பில் வருவார். நாளைக்கே அந்த வேலையைக் கான்டிராக்டரிடம் விட்டால்? அதே துடைப்பம், அதே தரை. ஆனால் ஆள் 'வணிகச் சேவை'க்கு மாறிவிடுவார்! தற்காலிக ஆட்களை அனுப்பும் கம்பெனிகளின் கதையும் இதுவே. தொழிற்சாலையில் வியர்வை சிந்துகிறவர், அனுப்பிய கம்பெனியின் கணக்கில்தான் சேருவார். மாகாணத்தில் சேவைத் துறை வளர்ந்தது என்று கவர்னர் பெருமைப்படலாம். புதிதாக ஒரு வீட்டிலும் அடுப்பு எரிந்திராது.

இன்னொரு சங்கடம், காலம். எல்லாக் கம்பெனிகளும் உரிய நாளில் பதில் அனுப்புவதில்லை. பதில் வர வர எண்ணைத் திருத்துகிறார்கள். வேலையில்லாதோர் இன்ஷூரன்ஸுக்காக முதலாளிகள் தரும் வரிப் பதிவேடுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட வேலைகளைக் காட்டுபவை. ஆண்டுக்கொரு முறை அவற்றோடு ஒத்துப்பார்த்து மறுபடி திருத்துகிறார்கள். மாகாணக் கணக்கில் கேட்கப்படும் கம்பெனிகள் குறைவு என்பதால் ஆட்டம் அதிகம்.

2024 ஆகஸ்டில் அப்படி ஒத்துப்பார்த்தபோது, அந்த ஆண்டு மார்ச் மாதக் கணக்கில் தேசம் முழுவதும் 8,18,000 வேலைகள் அதிகமாகக் காட்டப்பட்டிருக்கலாம் என்று தெரிந்தது. அதில் மிகப் பெரிய பங்கு, 3,58,000, நம்முடைய வக்கீல்–காவற்காரர் பந்தியில்தான்! இறுதித் திருத்தத்தில் மொத்தம் 5,98,000 ஆகக் குறைந்தது. 2025 ஆகஸ்டில் இரண்டு மாதக் கணக்கு 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்டதும், ஜனாதிபதி டிரம்ப் இலாகாவின் தலைமை அதிகாரியையே பதவி நீக்கம் செய்தார். எண் பிடிக்கவில்லை என்பதற்காக எண்ணுகிறவரை அனுப்பினால், பட்டியலில் ஆள் கூடிவிடுமா?

திருத்துவது கணக்கின் குற்றமல்ல, நாணயம். பயம் வந்து திருத்தாமல் விட்டால்தான் ஆபத்து. வட்டி விகிதம், மாகாண பட்ஜெட் எல்லாம் இந்த எண்களைப் பார்த்தே தீர்மானமாகின்றன.

ஆகவே, 'இந்தத் துறையில் பத்தாயிரம் வேலை கூடியது' என்று எங்கேனும் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். கூடியது வக்கீலா, காவற்காரரா? புதிய வேலையா, தலைப்பு மாறி வந்ததா? ஆண்டுத் திருத்தம் முடிந்துவிட்டதா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு சந்தோஷப்பட்டால் போதும், அவசரமில்லை!