டர்போ வண்டி ஐட்லிங்கில் ஆடினால்...

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது புது வண்டி அல்ல. பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிய டீசல் பிக்-அப், அல்லது வீட்டுக்கும் கடைக்கும் பொதுவாக ஒரு பழைய டீசல் கார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது மாருதி கம்பெனி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. எனவே கையில் இருக்கும் பழைய டர்போ டீசலை ஒழுங்காகப் பராமரித்து ஓட்டுவதே லாபம் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியான கணக்குத்தான். ஒர்க் ஷாப்பில் தேவையில்லாத வேலைக்குப் பணம் கொடுக்காதவரை.

வழக்கமாக வரும் புகார் ஒன்று உண்டு. வண்டி ஓடும்போது பரவாயில்லை; கடை வாசலில் நிறுத்தி இஞ்சினை ஓடவிட்டால் நடுங்குகிறது. பின்னால் இருக்கும் எண்ணெய் டின்கள் தாளம் போடுகின்றன. கியர் லீவர் ஆடுகிறது. சில வேளை ஐட்லிங் தானாக ஏறி இறங்குகிறது. மெக்கானிக்கிடம் விட்டால், காது கொடுத்துக் கேட்டவுடனே, "நாசில் போச்சு அண்ணாச்சி" என்கிறார். அல்லது பம்ப் இறக்க வேண்டும், டர்போ மாற்ற வேண்டும் என்கிறார். மூன்றும் ஆயிரக்கணக்கில் விழுங்கும் வேலைகள். பழைய டர்போ வண்டியில் இந்த நோய்க்குப் பாதிக் காரணம் காற்றுதான் என்பது என் அனுபவம். போகக்கூடாத இடத்தில் காற்று புகுகிறது, அல்லது போக வேண்டிய காற்று வழியில் கசிகிறது. அதற்கு மருந்து ஒரு முழம் ஹோஸும் இரண்டு கிளிப்பும்.

டர்போ என்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பியூக்கி 1905இலேயே இதற்குக் காப்புரிமை வாங்கினார். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் பொருள் அது. ஆனால் வண்டி நின்று ஓடும்போது டர்போ ஏறக்குறைய சும்மாதான் இருக்கிறது. ஆகவே ஐட்லிங்கில் மட்டும் ஆடும் வண்டிக்கு டர்போ மாற்றச் சொன்னால், காரணம் கேட்டுவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

இங்கே பெட்ரோலையும் டீசலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பல குழப்பங்கள் இதைப் பிரிக்காததால் வருகின்றன.

பெட்ரோல் இஞ்சினில் காற்று வரும் வழியை மூடித் திறக்க ஒரு தகடு உண்டு. நின்று ஓடும்போது அது ஏறக்குறைய மூடியிருக்கும். அதற்குப் பின்னால் இஞ்சின் பலமாக உறிஞ்சுவதால் அங்கே வேக்கம் உண்டாகும். அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். வந்த காற்றை அளக்கும் சென்சார், அது வந்ததையே அறியாது. கொள்முதல் நோட்டில் ஏறாத சரக்கு கோடவுனுக்குள் வந்த மாதிரி. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் சேர்ந்து ஐட்லிங் தடுமாறும். டர்போ உள்ள பெட்ரோல் காரில் இன்னொரு விசேஷம்: அதே ஓட்டை ஐட்லிங்கில் காற்றை உறிஞ்சும், ஏற்றத்தில் மிதிக்கும்போது டர்போ தள்ளும் காற்றை வெளியே ஊதும். நின்றால் நடுக்கம், மிதித்தால் இழுவை இல்லை, கூடவே ஒரு சீறல் சத்தம் என மூன்றும் சேர்ந்தே இருந்தால் ஓட்டை ஒன்றுதான் என்று சந்தேகப்படலாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், இஞ்சின் ஆவி திரும்பி வரும் குழாய், அதிலுள்ள ஒருவழி வால்வு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய டீசலின் கதை வேறு. அதில் காற்றை அடைக்கும் வேலை பெரும்பாலும் இல்லாததால், இஞ்சின் தானாக வேக்கம் தராது. அதற்கென்று தனியாக ஒரு வேக்கம் பம்ப் வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். பிரேக் பூஸ்டருக்கும், சில இஞ்சின்களில் டர்போவையும் ஈ.ஜி.ஆர். வால்வையும் கட்டுப்படுத்துவதற்கும் அந்த வேக்கம்தான். ஆகவே டீசலில் வேக்கம் குழாய் கசிந்தால் முதலில் தெரிவது நடுக்கம் அல்ல. பிரேக் இறுகுவதும் இழுவை குறைவதும்தான். நடுக்கத்துக்கு வேறு இடங்களில் தேட வேண்டும்.

முதலில் செலவில்லாத சோதனை. இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தட்டையாகி இரும்பு இரும்பில் மோதினால், இஞ்சின் நன்றாக ஓடினாலும் வண்டி முழுதும் ஆடும். பானெட்டைத் திறந்து, கையை எதிலும் வைக்காமல் பாருங்கள். இஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்து, உடம்பு மட்டும் நடுங்கினால் மவுண்டிங்கைப் பார்க்கச் சொல்லலாம்.

சத்தமே தடுமாறினால் டீசல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். டாங்கிலிருந்து பம்ப் டீசலை உறிஞ்சி எடுக்கும் வகை வண்டிகளில், வழியில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே ஒரு சொட்டும் சிந்தாது. மாறாக காற்று உள்ளே போகும். 'ஏர் எடுக்கிறது' என்று ஒர்க் ஷாப்பில் சொல்வது இதைத்தான். இராத்திரி நிறுத்திய வண்டி காலையில் நெடுநேரம் செல்ப் அடித்தால்தான் கிளம்பும். கிளம்பியதும் சிறிது நேரம் இருமும். கண்டுபிடிப்பது எளிது. ஃபில்டருக்குப் பின்னால் ஒரு சாண் நீளம் டீசலுக்குத் தாங்கும் கண்ணாடி ஹோஸை மாட்டி ஓடவிட்டால் குமிழிகள் வரிசையாகப் போவது தெரியும். பிறகு ஃபில்டருக்கு முன்னால் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே குமிழி இல்லை, பின்னால் இருக்கிறது என்றால், குற்றவாளி ஃபில்டர் வாஷர்தான். ஃபில்டர் மாற்றிய மறுநாளிலிருந்து இந்தத் தொல்லை ஆரம்பித்ததா என்று டிரைவரிடம் கேளுங்கள்; பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

அடுத்தது ஈ.ஜி.ஆர். வால்வு. புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்சினுக்குள் அனுப்பும் கதவு இது. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டிகளில் இதில் கரி அடைந்து, கதவு மூடாமல் நின்றுவிடும். நல்ல காற்றுக்குப் பதில் புகையையே சுவாசித்தால் இஞ்சின் எப்படி அமைதியாக ஓடும்? நடுக்கம், கருப்புப் புகை, மந்தமான இழுவை மூன்றும் வரும். கழற்றிக் கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். தகடு வைத்து நிரந்தரமாக அடைத்துவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அது புகை விதிக்கு விரோதம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் நாசில். காமன் ரெயில் இஞ்சின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலைத் தனித்தனி பாட்டில்களில் பிடித்து ஒப்பிடுவார்கள். ஒரு பாட்டில் மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நான்கையும் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விட வேண்டாம். இன்னொன்று: பழைய சாதாரண பம்ப் வண்டிகளில் இஞ்சின் ஓடும்போதே நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். அதைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தம் ஏறும்; ஊசிபோல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கை போகும் அளவு ஆபத்து.

இழுவை இல்லை, மிதித்தால் கருப்புப் புகை என்றால், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இஞ்சினுக்கு வரும் பெரிய ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். வெடிப்பு மேல்பக்கம் இருக்காது. வளைவின் அடியில், கிளிப் கடிக்கும் இடத்தில் இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஓரிடத்தில் மட்டும் கனமாக ஒட்டியிருந்தால் அங்கே விரலால் அழுத்துங்கள். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோல, டர்போவின் வாயை அடைத்து, மிதமான காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

எங்கள் கடை வண்டி விருதுநகரிலிருந்து பருப்பு ஏற்றி வரும்போது, கிருஷ்ணன்கோவில் தாண்டி இழுவையை இழந்தது. ஓர் ஒர்க் ஷாப்பில் டர்போ மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் எழுதிவிட்டார்கள். ராஜபாளையத்தில் வேறொரு மெக்கானிக் விளக்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் குழாய்களையே தடவினார். பேனா ரீஃபிள் கனத்தில் ஒரு வேக்கம் குழாயை எலி கடித்திருந்தது. குழாயை மாற்றியதும் பழைய இழுவை வந்துவிட்டது. அரிசியும் பருப்பும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். இரவில் இஞ்சினின் கதகதப்பைத் தேடி அது ஏறும். நம் தொழிலில் இருப்பவர்களின் வண்டிக்கு இது தனி வியாதி.

இனி பிரேக் விஷயம். மேலே சொன்னவை பணத்தோடு போகும், இது அப்படியல்ல. நம் பக்கத்து வண்டிகள் சரக்கோடு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் தென்மலை, புனலூர் என்று மலையிறங்கிப் போகின்றன. வேக்கம் பம்ப் நலிந்தோ குழாய் கசிந்தோ இருந்தால், சமவெளியில் டிரைவருக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இறக்கத்தில் அடுத்தடுத்து மிதிக்கும்போதுதான் பெடல் கல்லாக இறுகும். பிரேக் முற்றிலும் போய்விடுவதில்லை. ஆனால் வண்டியை நிறுத்தப் பல மடங்கு பலம் வேண்டியிருக்கும்.

இதை வாசலிலேயே சோதிக்கலாம். இஞ்சினை நிறுத்தி, பெடல் இறுகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் போகவில்லை. அடுத்து, ஓடிய இஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து மிதியுங்கள். முதல் மிதியாவது மெதுவாக இருக்க வேண்டும். முதலிலேயே கல்லாக இருந்தால் ஒருவழி வால்வோ பூஸ்டரோ கசிகிறது. பம்ப் நலமா என்று அறிய, அதன் குழாயில் மீட்டர் மாட்டச் சொல்லுங்கள். ஐட்லிங்கிலேயே பாதரச அளவில் 24 அங்குலத்தை ஒட்டியோ மேலேயோ காட்டினால் திருப்திப்படலாம். மீட்டர் குறைவாகக் காட்டினால் உடனே பம்பைக் கழற்றாமல், கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ, கசிவு அந்தக் கிளையில்.

டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை அணைத்து உருட்டும் டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இஞ்சின் நின்றால் வேக்கம் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மிஞ்சியிருப்பது ஓரிரு மிதிக்கு மட்டுமே. இதை நம் டிரைவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

கசிவைத் தேட ஓடும் இஞ்சின்மேல் பெட்ரோலையோ ஸ்ப்ரேயையோ அடித்துப் பார்ப்பதை அனுமதிக்காதீர்கள்; சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது. ஹோஸ் வாங்கும்போது உள்விட்டம் சரியாகப் பொருந்துகிறதா, சூட்டுக்கும் எண்ணெய்க்கும் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். மீன் தொட்டி ட்யூபும் குளுகோஸ் ட்யூபும் ஒரு வாரம் தாங்கும். பிறகு இளகி உள்ளுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்த்தால் குழாய் முழுசாகத்தான் தெரியும். பழைய குழாயை வளைத்துப் பார்த்து, மேலே நுண்ணிய கோடுகள் தெரிந்தால் ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு ரப்பர் அதிக நாள் தாங்குவதில்லை.