பன்றிக் காவலுக்கு எந்தக் குழல்?

கடலை காய் பிடிக்கும்போது அடி அண்ணாமலைப் பக்கம் காட்டுப்பன்றியும் வந்துவிடும். "இரட்டைக் குழல் துப்பாக்கியில் பக்கம் பக்கமாக உள்ளது நல்லதா, மேல் கீழாக உள்ளதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பக்கம் பக்கமாக இருந்தால் கொஞ்சம் மடக்கினாலே தோட்டா போடலாம். மேல் கீழானதை நன்றாக மடக்க வேண்டும். ஆனால் பார்வையை மறைக்காது, குறி பார்ப்பது எளிது. துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் இதைத்தான் விரும்புவார்கள். வயலுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல.

1959 ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்குச் சொல்வது, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் பழைய வகையைத்தான். அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால்தான், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள மற்றது. அந்த உரிமமும் பன்றியைச் சுடும் அனுமதி ஆகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 1 கி.மீ.க்குள் சுட அனுமதியே இல்லை. மலையை ஒட்டிய நிலக்காரர்கள் இதைக் கவனியுங்கள். கிரிவலப் பாதையில் இரவிலும் ஆள் நடமாட்டம் வேறு!

வரப்போரம் ஆமணக்கை நெருக்கமாக நாலு வரிசை போடுங்கள். பழைய சேலை கட்டினால் சில நாள் பலிக்கும், பிறகு பன்றி பழகிவிடும். கம்பியில் நேரடி மின்சாரம் விடவே வேண்டாம். பன்றிக்கு முன் ஆள் செத்துப்போவார். சேதமானால் உடனே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுங்கள்.