குஸ்தாவ் லெ கிரே

குஸ்தாவ் லெ கிரே (30 ஆகஸ்ட் 1820 – 30 ஜூலை 1884) ஒளிப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். பிரான்சில் வில்லியே லெ பெல் என்னும் ஊரில் பிறந்தவர். பால் டெலரோஷிடம் ஓவியம் பயின்றார். 1840களின் இறுதியில் ஒளிப்படத்துக்கு மாறினார்.

மெழுகுத்தாள் முறை

அக்காலத்தில் நெகட்டிவ் தாளிலும் எடுக்கப்பட்டது. தாளின் நார்கள் படத்தில் தெரிந்ததால் நுணுக்கங்கள் மங்கின. லெ கிரே, வேதிப்பொருள் ஏற்றும் முன்பே தாளில் உருகிய மெழுகை ஊறச் செய்தார். படம் தெளிவானது, தாளைப் பல நாள் முன்பே தயாரித்து வைக்கவும் முடிந்தது. ஆகவே பயணிகளுக்கு இம்முறை உதவியது. 1858இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், 1855இல் பர்மாவில் மெழுகிட்ட தாள் நெகட்டிவ்களையே பயன்படுத்தினார்.

கடல் காட்சிகள்

அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால், நிலமோ கடலோ சரியாகப் பதிந்தால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். 1856–57இல் எடுத்த கடற்படங்கள் சிலவற்றில் லெ கிரே வானுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டார்.

இறுதிக் காலம்

புகழ் இருந்தும் கடன் பெருகியது. 1860இல் பாரிஸ் படப்பிடிப்பு நிலையத்தையும் குடும்பத்தையும் விட்டு, எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவுடன் கப்பலேறினார். வழியில் பலெர்மோவில் கரிபால்டியைப் படமெடுத்தார். டூமா அவரை மால்டாவில் விட்டுச் சென்றார். பின்னர் லெபனான் வழியாக எகிப்து சேர்ந்த லெ கிரே, கெய்ரோவில் ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி, நாடு திரும்பாமலே அங்கு இறந்தார். அவருடைய 'பேரலை' என்னும் படம் 1999இல் லண்டன் ஏலத்தில் 5,07,500 பவுண்டுக்கு விற்றது. ஒளிப்படம் ஒன்றுக்கு அதுவரை ஏலத்தில் கிடைத்த மிக உயர்ந்த விலை அது.