கணக்குத் தாளில் நிற அடையாளம்: பயனும் எல்லையும்

பேரேட்டைப் புரட்டும் கணக்கர், தவணை தவறிய பற்றைக் கண்டால் சிவப்பு மையால் அடிக்கோடிடுவது நெடுநாளைய வழக்கம். அக்கோட்டைக் கண்டவுடன், நூறு வரிகளையும் படித்துப் பாராமலே, கவனிக்க வேண்டிய வரி இன்னதென்று நிர்வாகக் குழுவினர் அறிந்துகொள்வர். இந்நாளில் பல சங்கங்களின் கணக்குகள் கணினிக்குச் சென்றுவிட்டன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இசைவளித்தது. சுமார் 63,000 சங்கங்களை உட்படுத்தி, ரூ. 2,516 கோடி மதிப்பீட்டில் அத்திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும், பொதுக் கணக்கு எந்த மென்பொருளில் இருந்தாலும், நூல் இருப்பு, கூலிப் பட்டியல், தவணை நாள் முதலிய அன்றாடக் குறிப்புகளை விரிதாளில் எழுதி வைப்போர் பலர். அங்கே சிவப்பு மையின் வேலையைச் செய்வது எது, அதை எவ்வாறு பயன்படுத்துவது, எதுவரை நம்புவது என்பவற்றை அங்கத்தினர்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்புகிறோம்.

தனிமனிதர் கணினிக்கென விரிதாளை முதலில் ஆக்கித் தந்தவர்கள் டான் பிரிக்லின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் இருவர். 1979-ஆம் ஆண்டில் வெளிவந்த அதற்கு விசிகால்க் என்று பெயர். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டுத்தொகைகள் யாவும் தாமே மாறிக்கொள்வது அதன் சிறப்பு. ஆனால், அவ்வெண்களுள் எது கவலைக்குரியது என்பதைப் பார்ப்பவரே தேடிக் காண வேண்டியிருந்தது. இக்குறையை நீக்குவதே 'நிபந்தனை வடிவமைப்பு' என்னும் வசதி. எக்செல் 97 என்னும் பதிப்பில் இது சேர்க்கப்பட்டபோது, ஒரு கட்டத்திற்கு மூன்று நிபந்தனைகளே விதிக்க இயலும். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வரம்பு நீங்கியது. இப்பொழுது கூகுள் ஷீட்ஸிலும், விலையின்றிக் கிடைக்கும் லிபர்ஆபீஸ் கால்க்கிலும் இவ்வசதி உண்டு.

இதற்கு மூன்று உறுப்புகள் உள. எந்தக் கட்டங்களுக்கு என்பது முதலாவது. என்ன நிபந்தனை என்பது இரண்டாவது. நிபந்தனை பொருந்தினால் கட்டம் எத்தோற்றம் கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. இவற்றை ஒருமுறை கூறிவிட்டால், எண் மாறுந்தோறும் கணினி தானே ஆராய்ந்து நிறத்தை இடும். நிபந்தனை பொருந்தாதபோது நிறத்தை எடுத்துவிடும். கட்டத்திலுள்ள எண் சிறிதும் மாறுவதில்லை. கையால் நிறம் தீட்டி வைப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. கையால் இட்ட சிவப்பு, கடன் அடைந்த பிறகும் யாரேனும் நீக்கும்வரை அப்படியே நிற்கும்.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். நூல் இருப்புப் பட்டியலில், பத்துக் கட்டுக்குக் கீழ் இருப்புள்ள ரகங்கள் தெரிய வேண்டும் என்று கொள்வோம். எக்செல்லில் இருப்பு எண்கள் உள்ள பத்தியைத் தேர்ந்தெடுத்து, 'ஹோம்' என்னும் பகுதியில் 'கண்டிஷனல் பார்மட்டிங்' என்பதையும், அதனுள் 'ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்', 'லெஸ் தேன்' என்பவற்றையும் முறையே அழுத்த வேண்டும். வரும் சிறு பெட்டியில் 10 என்று இட்டு, நிறத்தைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. கூகுள் ஷீட்ஸிலும் லிபர்ஆபீஸிலும் 'பார்மட்' என்னும் பட்டியலில் இவ்வசதியைக் காணலாம். 10 என்ற எண்ணை விதிக்குள்ளேயே புதைத்துவிடாமல், தாளின் தலைப்பில் தனிக் கட்டத்தில் எழுதி, அக்கட்டத்தையே விதியில் சுட்டுவது மேலான முறை. வரம்பு யாது என்பது அப்பொழுது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், மாற்றுவதும் எளிது.

பயிர் செய்வோருக்கு இதனினும் முக்கியமான பயன் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனை உரிய தவணைக்குள் திருப்பிச் செலுத்தும் அங்கத்தினர் வட்டி செலுத்த வேண்டுவதில்லை. தவணை தவறினால் அச்சலுகை கைநழுவும். ஆகவே, தவணை கடந்த பின்னர்ச் சிவப்பாகும் கட்டம் சங்கத்திற்கு உதவலாமேயன்றி, அங்கத்தினருக்கு உதவாது. முப்பது நாள் முன்னரே மஞ்சளாகும் கட்டமே அவருக்கு உதவும்.

இதற்குச் சூத்திரம் ஒன்று தேவை. ஏ பத்தியில் பெயரும், டி பத்தியில் தவணை நாளும், இ பத்தியில் நிலுவைத் தொகையும், இரண்டாம் வரியிலிருந்து எழுதப்பட்டுள்ளன என்று கொள்வோம். எல்லா வரிகளையும் தேர்ந்தெடுத்து, புதிய விதி என்பதில் சூத்திரம் எழுதும் வகையைக் கொண்டு, =ஆண்ட்($இ2>0, $டி2>=டுடே(), $டி2<=டுடே()+30) என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட்டு, மஞ்சளைத் தேர்க. நிலுவை இருக்கிறது, தவணை நாள் இன்னும் கடக்கவில்லை, ஆனால் முப்பது நாளுக்குள் வருகிறது என்னும் மூன்றும் ஒருங்கே பொருந்தினால் அவ்வரி முழுவதும் மஞ்சளாகும். 'டுடே' என்பது அன்றைய தேதி. ஆதலின் நாள்தோறும் கணக்கு தானே நகரும். பத்தியின் எழுத்துக்கு முன் நிற்கும் டாலர் குறி, வரியின் எந்தக் கட்டத்தை ஆராயும்போதும் அதே பத்தியையே பார்க்குமாறு கட்டிவைக்கிறது. அக்குறியை விட்டுவிட்டால் நிறம் தாறுமாறாக விழும். தவணை கடந்தவற்றிற்கு இவ்வாறே சிவப்பு விதி ஒன்றும் எழுதலாம். ஆனால் வெற்றுக் கட்டத்தைக் கணினி சுழியம் என்று கொள்வதால், தேதி எழுதப்படாத வரியும் தவணை கடந்ததாகச் சிவந்துவிடும். தேதிக் கட்டம் வெறுமையாக இருத்தலாகாது என்ற நிபந்தனையையும் அதில் சேர்த்தல் வேண்டும்.

இனி நெசவாளரைப் பற்றியது. கொடுத்த நூலின் எடையையும் வந்த துணியின் எடையையும் ஒப்பிட்டு, குறைவு நூற்றுக்கு மூன்றுக்கு மேற்பட்டால் சிவப்பு என்று ஒரு சங்கம் விதி செய்வதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கிலோ நூல் வாங்கியவர் 9 கிலோ 640 கிராம் துணி கொணர்கிறார். குறைவு நூற்றுக்கு 3.6, கட்டம் சிவக்கிறது. அவர் நூலை எடுத்துக்கொண்டார் என்று சொல்லலாமா?

பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வணிகத்தில் அதன் உலர்ந்த எடைக்கு நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் என்பது வழக்கமான அளவு. மழைக்காலத்தில் இது மிகும். வறண்ட நாளில் குறையும். நூல் கொடுத்த அன்று நூற்றுக்குப் பத்து ஈரம் இருந்திருந்தால், பத்துக் கிலோவில் உலர்ந்த பருத்தி ஏறத்தாழ 9 கிலோ 90 கிராமே. துணி வந்த நாளில் ஈரம் ஆறாகக் குறைந்திருந்தால், ஓர் இழையும் குறையாமலே அதன் எடை 9 கிலோ 640 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவே நிற்கும். அதாவது, அந்நெசவாளர் ஒரு குற்றமும் செய்திலர். மறுபுறம், பாவில் ஏறிய கஞ்சி எடையைக் கூட்டுவதால், மெய்யாகவே நூல் குறைந்த துணியும் சிவக்காமல் தப்பலாம். எனவே, சிவந்த கட்டம் விசாரிக்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறதேயன்றித் தீர்ப்புக் கூறுவதில்லை. வெண்மையாக நிற்கும் கட்டமும் நற்சான்று ஆகாது. நிறத்தை மட்டும் பார்த்துக் கூலியில் பிடித்தம் செய்வது, உழைப்பவர் வீட்டு அடுப்பில் கைவைப்பதாகும். கூலியைத் தொடும் முன்னர், எடை பார்த்த நாட்களை ஒப்பிட்டு, நெசவாளரையும் அழைத்துக் கேட்பதே நியாயம்.

வேறு சில பிழைகளையும் குறிப்பிடுதல் அவசியம். எண்ணைப் போலத் தோன்றினும் எழுத்தாகப் பதிவான தொகையை எக்செல் எல்லா எண்களினும் பெரியதாகக் கொள்ளும்; ஆதலின், குறைந்த இருப்பு சிவக்காமல் ஒளிந்துகொள்ளும். கட்டத்தில் இடப்புறம் ஒட்டி நிற்கும் எண்களைக் கண்டால் ஐயுற வேண்டும். ஒரே கட்டத்திற்கு இரு விதிகள் முரணாகப் பொருந்துமாயின், விதிப் பட்டியலில் மேலே உள்ளதே வெல்லும். சிவப்பும் பச்சையும் சிலர் கண்ணுக்கு வேறுபடுவதில்லை; கறுப்பு வெள்ளை நகலிலோ எவர் கண்ணுக்கும் நிறம் தெரியாது. ஆகவே 'தவணை நெருங்குகிறது' என்று பக்கத்துப் பத்தியில் சொல்லாலும் எழுதுவது நன்று. நிறங்கள் இரண்டு மூன்றுக்கு மேற்பட்டால், எதைப் பார்ப்பது என்ற பழைய தொல்லையே திரும்பி வரும்.

வரம்பு எத்தனை என்பதைக் கணினி அறியாது. பத்துக் கட்டு, முப்பது நாள், நூற்றுக்கு மூன்று என்பவற்றை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். அவ்வொருவர் கணக்கராக மட்டும் இருத்தலாகாது. நிர்வாகக் குழு கூடி முடிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அங்கத்தினர்களுக்கும் அறிவித்தல் முறையாகும். மஞ்சள் வரிகளில் உள்ளோருக்குத் தனித்தனியே நினைவூட்டலாம். சிவந்த வரிகளைப் பெயருடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது கூடாது. அங்கத்தினர்களும் சங்க அலுவலகத்திற்குச் செல்லும்போது, தம் பெயருள்ள வரி எந்த விதியின்படி நிறம் பெறுகிறது என்று கேட்டறிதல் வேண்டும். கணக்கு நம்முடையது; கேட்கும் உரிமையும் நம்முடையதே.