இடக்கைக்கு இடம்

'வலம்' என்னும் சொல்லுக்கு வலப்பக்கம் என்பதோடு வலிமை, வெற்றி என்னும் பொருள்களும் உண்டு. 'இடம்' என்பதோ இடப்பக்கத்தையும், ஒருவர் நிற்கும் தலத்தையும் குறிக்கும். 'இடங்கொடுத்தல்' என்னும் வழக்கில் வாய்ப்பு என்றும் பொருள்படும். வெற்றியை வலக்கைக்கே உரிமையாக்கிய உலகம், இடக்கைக்கு இடங்கொடுத்தபோது விளைந்த பயன் யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்தில் ஒரு விந்தையான பதவி இருந்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில், எதிரணியின் வலிய இடக்கை அடிப்பாளர் ஒருவர் வரும் வேளை நோக்கி, இடக்கை வீச்சாளர் ஒருவரை இறக்குவர். அவர் வீசும் வளைபந்து அவ்வடிப்பாளரை விட்டு விலகிச் செல்லும். அந்த ஒருவரை வீழ்த்தியதும் அவர் பணி முடிந்துவிடும். ஜெஸ்ஸி ஒரோஸ்கோ என்னும் இடக்கையர் தம் பிற்காலத்தில் பெரிதும் இவ்வாறே பணியாற்றி, 1,252 ஆட்டங்களில் வீசி, 2003ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். 2020 முதல், ஒரு வீச்சாளர் மூன்று அடிப்பாளரையேனும் எதிர்கொள்ளல் வேண்டும், அல்லது அந்தச் சுற்றின் பாதியை முடித்தல் வேண்டும் என்று விதி வந்தமையால் அப்பதவி தேய்ந்தது.

சில பந்துகளே வீசுபவர் முழு ஆட்டக்காரராவரோ என்று வினவலாம். நம் நாட்டு ரங்கன ஹேரத் அதற்கு விடை. கிரிக்கெட்டில் துடுப்பாட்டக்காரருட் பெரும்பாலோர் வலக்கையர். இடக்கைச் சுழற்பந்து தரையிற் பட்டு அவர்களை விட்டு விலகும். துடுப்பின் விளிம்பை நாடும். ஆயினும், 1999இல் காலியில் முதல் டெஸ்ட் ஆடிய ஹேரத், பத்தாண்டுக் காலம் அணிக்கு உள்ளும் புறமுமாகவே நின்றார். கண்டியிற் பிறந்த நம் முத்தையா முரளிதரனின் பெருநிழல் அத்தகையது.

2009இல் முரளிதரன் காயத்தால் ஆட இயலாது போகவே, இங்கிலாந்தில் கழக ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த ஹேரத்துக்கு அழைப்புச் சென்றது. காலியில் 168 ஓட்டங்களை நோக்கி ஆடிய பாகிஸ்தான் 117இல் சுருண்டது. ஹேரத் 15 ஓட்டங்களுக்கு நால்வரை வீழ்த்தினார். 2014இல் சிட்டகொங் நகரில், இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டியில், நியூசிலாந்துக்கெதிராக அவர் வீசிய பந்துகள் 21. கொடுத்த ஓட்டங்கள் 3. வீழ்த்திய விக்கெட்டுகள் 5! அடித்தவர்கள் 60 ஓட்டங்களுடன் அடங்கினர். 2018இல் அதே காலியில் 433 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் விடைபெற்றார். இடக்கைச் சுழலர் எவரும் அதுவரை எட்டாத எண்ணிக்கை அது.

வள்ளுவர் காலமறிதலை அடுத்து இடனறிதலை வைத்தார். பின்னர்த் தெரிந்துவினையாடல் என ஓர் அதிகாரமும் வகுத்தார். தக்க வினையைத் தக்கார் கையில் ஒப்புவித்தலே தலைமை என்பது அதன் சாரம். ஒருவன் எவ்வளவு செய்கிறான் என்பதினும், அவனன்றி எது நடவாது என்பதே அவன் மதிப்பு.

இதை எழுதுகையில் என் நெஞ்சு உறுத்துகின்றது. பணியேற்ற புதிதில், இடக்கையால் எழுதிய மாணவன் ஒருவனை, 'நொட்டாங்கை' என்று பிறர் நகைக்க, யானே வலக்கைக்கு மாற்றினேன். அவன் எழுத்துக் கோணிற்று; பின்னர் வகுப்பிற் கை உயர்த்துவதையே விட்டுவிட்டான். அவன் தாயோ இறம்பொடைச் சரிவிலே, வலம் இடம் பாராமல், இரு கையாலும் கொழுந்து கிள்ளிக் கூடை நிறைத்தவள். அம்மலையைத் தினமும் கண்டும் யான் கற்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, நும் வகுப்பிலும் ஓர் இடக்கை இருக்கும். அதனைத் திருத்த முனையாதீர். அதற்குரிய இடத்தைத் தேடிக்கொடுங்கள்.