காது மந்தமா, கவனக்குறைவா?



கேள்வியின் சிறப்பை உணர்த்த வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அக்கேள்விக்கு வாயிலான செவி, குழந்தைப் பருவத்திலேயே ஒருவரும் அறியாவண்ணம் மந்தமாகிவிடக்கூடும். நடுச்செவியில் உண்டாகும் நோய் அதற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

செவிப்பறைக்கு உட்புறத்தே காற்று நிறைந்த சிற்றறை ஒன்றுண்டு. அதுவே நடுச்செவி. அங்குள்ள மூன்று சிற்றெலும்புகள் பறையின் அதிர்வை உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. இவ்வறையை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் நுண்குழாய், 16ஆம் நூற்றாண்டில் அதனை விவரித்த இத்தாலிய வைத்தியர் யூஸ்தாக்கியின் பெயரால் வழங்குகின்றது. வளர்ந்தோரிடத்தில் அது நீண்டு சரிந்திருக்கும். குழந்தைகளிடத்திலோ குறுகி, ஏறக்குறையக் கிடையாக இருக்கும். ஆதலால், மழைக்காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டுக்கு வீடு பரவும் தடிமன், குழந்தையின் நடுச்செவியை எளிதில் எட்டிவிடுகின்றது.

வலியும் காய்ச்சலும் கண்டால் நாம் வைத்தியரை நாடுவோம். ஆனால், வலி தணிந்த பின்னரும் பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கலாம். அப்பொழுது பறையும் எலும்புகளும் தாராளமாக அசையமாட்டா. கேட்கும் ஆற்றல் 20 முதல் 30 டெசிபல் வரை குறையலாம். இரு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு பிறர் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். அக்குழந்தையின் நிலை ஓரளவு புலனாகும். பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் இந்நீர் தானே வற்றிவிடும். வற்றாது நீடிப்பின், பேச்சும் படிப்பும் பின்தங்கக்கூடும்.

இத்தகைய பிள்ளை கூப்பிட்டால் சில வேளை திரும்பும். சில வேளை திரும்பாது. காலி வீதியின் இரைச்சல் வகுப்பறையில் புகும்போதும், ஆசிரியர் கரும்பலகையை நோக்கிப் பேசும்போதும், சொற்கள் அதற்குத் தெளிவாக எட்டுவதில்லை. சொல்வதெழுதுதலில் 'பட்டு' என்பது 'பத்து' ஆகின்றது. நாமோ கவனமற்ற பிள்ளையென்று கடிந்துகொள்கின்றோம். கேட்க இயலாமையைக் கீழ்ப்படியாமையென்று தண்டிப்பது நீதியாகுமா?

காது ஒழுகுவது பிள்ளைகளுக்கு இயல்பு என்று வாளாவிருத்தலும் தவறு. பறையில் துளை விழுந்து சீழ் வடிதல் நாட்பட்டால், கேள்விக்குறை நிலைத்துவிடலாம்; அரிதாக நோய் மூளைவரையும் பரவலாம். உள்ளி காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், ஊக்கு, கோழியிறகு எதனையும் காதினுள் இடலாகாது. குழந்தையைப் படுக்கவைத்துப் போத்தலில் பாலூட்டுவதையும், அதன் அருகே புகைபிடிப்பதையும் தவிர்த்தல் வேண்டும்.

பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உண்டு. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். குழந்தைகளின் செவிப்புலன் இழப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் நேர்வதென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆசிரியர்கள் ஐயத்துக்குரிய பிள்ளையை முன்வரிசையில் இருத்தி, முகம் பார்த்துப் பேசுவார்களாக. பெற்றோர், பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அதன் காதைச் சோதிப்பிப்பார்களாக.