கொசுவின் ஊசியும் மருத்துவ ஊசியும்

கொசு கடித்தால் எய்ட்ஸ் வருமா?

கல்லூரிகளில் இயங்கும் செஞ்சுருள் சங்கத்து மாணவர்கள் வட சென்னைக் குடியிருப்புகளில் எய்ட்ஸ் பற்றிப் பேசப் போகும்போது பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். காசிமேட்டிலோ எண்ணூரிலோ மாலை வேளையில் பத்து நிமிடம் நின்று பார்த்தவர்களுக்கு இக்கேள்வியின் நியாயம் நன்கு விளங்கும்! கேட்பவர் பெயரை எழுத வேண்டியதில்லை. துண்டுச் சீட்டில் கேள்வியை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டால் போதும். பதில் சொல்பவரும் அவரைவிட மூன்று, நான்கு வயதே மூத்தவர். நாற்பதைத் தாண்டிய என்னைப் போன்ற ஆசிரியர் பக்கத்தில் நின்றால் பாதிச் சீட்டுகள் பெட்டியில் விழாது.

"வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கலாம். ஆனால் கூட்டத்தில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் எப்போதும் இருப்பான். "ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டால் எச்.ஐ.வி. பரவும் என்கிறீர்கள். கொசுவிடம் இருப்பதும் ஊசிதானே, அண்ணா?" என்பான். நல்ல கேள்வி. இதற்கு விடை காண்போம்.

கொசுவின் உறிஞ்சுகுழல் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே இரு தனிப்பாதைகள் உண்டு. ஒன்றின் வழியே உமிழ்நீர் நம் உடலுக்குள் இறங்குகிறது. மற்றொன்றின் வழியே இரத்தம் மேலேறுகிறது. ஏற்கெனவே குடித்த இரத்தத்தைக் கொசு அடுத்தவர் உடலில் செலுத்துவதில்லை. அப்படியானால் மலேரியா பரவுவது எப்படி? மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் குடலில் வளர்ந்து பெருகி, ஏறத்தாழ பத்து நாட்களில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்துவிடுகிறது. எச்.ஐ.வி.க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது பெருக வேண்டுமானால் மனித இரத்தத்திலுள்ள சி.டி.4 என்ற வகை வெள்ளணுக்கள் வேண்டும். கொசுவின் குடலில் அவை ஏது? இரத்தத்தோடு சேர்ந்து வைரசும் செரித்துப் போகிறது.

குழலின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் இரத்தம்? இங்கே சிறிது கணக்குப் போடுவோம். சிகிச்சை பெறாத ஒருவரின் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் 1,00,000 வைரஸ்கள் இருப்பதாகக் கொள்வோம். 1 மைக்ரோலிட்டர் என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே அதில் 100 வைரஸ்கள். கொசு வயிறு முட்டக் குடிப்பதே 2 அல்லது 3 மைக்ரோலிட்டர்தான். குழலில் ஒட்டுவது 0.01 மைக்ரோலிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் அதில் இருக்கக்கூடியது ஒரே ஒரு வைரஸ். இனி மருத்துவ ஊசிக்கு வருவோம். சில வகை ஊசிக்குழல்களில் மருந்தை முழுதும் செலுத்திய பிறகும் கிட்டத்தட்ட ஒரு சொட்டு உள்ளே தங்கிவிடும். ஒரு சொட்டு ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். அது முழுவதும் இரத்தமானால் 5,000 வைரஸ்கள்! அடுத்தவருக்குப் போடும்போது அவை நேரே உடலுக்குள் செல்கின்றன. திருவிழாவில் பச்சை குத்திக்கொள்ளும்போதும் புதிய ஊசியா என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு சான்றும் உண்டு. கொசு குழந்தை, கிழவர் என்று பார்த்துக் கடிப்பதில்லை. அது பரப்புவதாக இருந்தால் எல்லா வயதினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இத்தொற்று வந்திருக்க வேண்டும். அப்படி வரவில்லை. தொற்றுள்ளவருடன் ஆணுறையின்றிக் கொள்ளும் உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கு: எச்.ஐ.வி. வரும் வழிகள் இவையே. ஒரே குவளையில் தண்ணீர் குடிப்பதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலோ அது வராது.

இந்தியாவில் இக்கிருமி இருப்பதைக் கண்டறிந்தவரும் ஒரு மாணவியே. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை பயின்ற செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை ரயிலில் எடுத்துச் சென்று வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதித்தபோது 6 மாதிரிகளில் தொற்று தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் நடந்த சோதனையும் அதை உறுதி செய்தது. அப்பெண்களைப் பழித்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்டவர்கள் குறைவு. பின்னாளில் லாரி ஓட்டுநர்கள் மீதும் இதே பழி விழுந்தது. துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு இது தெரியும். வைரசுக்குத் தொழில் தெரியாது.

பழிக்கு அஞ்சுகிறவர் சோதனைக்குப் போகமாட்டார். இங்கேதான் உயிர் போகிறது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனை இலவசம். முடிவை இரகசியமாக வைப்பார்கள். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்கி வருகிறது. தினமும் தவறாமல் உட்கொண்டால், நாம் கணக்கில் எடுத்துக்கொண்ட அந்த 1,00,000 என்ற எண் 50-க்கும் கீழே இறங்கிவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. ஆனால் வைரஸ் முற்றிலும் அழிவதில்லை. மாத்திரை ஆயுள் முழுவதும் வேண்டும்.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, தொற்றைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது. வேலையிலும் சிகிச்சையிலும் அவ்வாறே. பெட்டியில்கூடப் போடத் தயங்கும் கேள்வி உங்களிடம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம், கட்டணம் இல்லை.